சுறாப்பல் பெட்டி

பல்செட் செய்பவர் கட்டிய பல்லால் கருங்கல்லையே கடிக்கலாம். நான் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்கிறேன். அவர் மனைவிக்கோ சுறாப் பல்மீதுதான் ஆசை. கல்லாகிப்போன பழைய பற்களைக் கடற்கரையில் பொறுக்கி ஒரு பெட்டியில் சேர்த்துவந்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது அவர் அழவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். மறுவாரமே பட்டறையில் மெழுகு உருக்கினார். பெட்டி கண்ணில் படாமலிருந்தால் போதும் என்று, அதைப் பள்ளிக்கூடத்துக்குத் தருவதாகச் சொல்லிவிட்டார். பல்லையும் வெறும் கல்லையும் பிரித்துத் தர வேண்டும், அவ்வளவுதான்.

மச்சினி உதவிக்கு வந்தாள். "கறுப்பா இருந்தா மட்டும் போதாது அத்தான். பல்லு வழவழன்னு, வேர் சொரசொரன்னு இருக்கணும்னு அக்கா சொல்லுவா."

ஒன்று மட்டும் அவரைத் திணறடித்தது. பழுப்பு நிறம், வேரே இல்லை. பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏதோ குட்டிச் சுறா. வேர் உடைஞ்சுபோச்சு" என்றார்.

மச்சினி வாங்கிப் பார்த்தாள். "நல்ல சுறா போங்க! இது நீங்க அக்காவுக்கு முதல்ல செஞ்சு குடுத்த முன்பல்லு. அக்காதான் டீத்தண்ணில ஊறப்போட்டு இதுல கலந்து வெச்சா. உங்களுக்கு அடையாளம் தெரியாதுன்னு என்கிட்ட பந்தயம். நான் உங்க பக்கம் நின்னேன், மானத்த வாங்கிட்டீங்க."

அவர் சிரிக்கவில்லை. அழவுமில்லை. பிரித்து வைத்த பற்களையும் கற்களையும் மறுபடி ஒன்றாகக் கொட்டினார். அந்தப் பல்லையும் நடுவில் போட்டு மூடினார்.

"பள்ளிக்கூடத்துல கேப்பாங்களே அத்தான்?"

"இன்னும் பிரிச்சு முடியலன்னு சொல்லு."