பிணைக் கையெழுத்து

அந்த மாரியில் ரொறன்ரோவில் இருந்த எங்கள் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். நாட்டில் புதிதாகப் பதவிக்கு வந்த பெண் சனாதிபதி சண்டையை நிறுத்திவிட்டு, யாழ்ப்பாணத்தைக் கையில் வைத்திருந்த இயக்கத்தோடு பேச்சுவார்த்தை தொடங்கியிருந்தார். அவரை நம்பலாம் என்றது ஒரு கட்சி. நம்பினால் அழிந்தோம் என்றது மற்றது. எந்த இராணுவ முகாமை எடுக்கவேண்டும், எந்தப் பாதையைத் திறக்கவேண்டும், கண்காணிப்புக்கு எந்த நாட்டுக்காரரைக் கூப்பிடலாம், எந்த நாட்டுக்காரரைக் கிட்டவும் விடக்கூடாது என்பதையெல்லாம் மோர்னிங்சைட் அடுக்குமாடிகளில் முடிவெடுத்தார்கள். பகல் முழுக்கத் தொழிற்சாலையில் பெட்டி கட்டியவர்கள், வீட்டுக்கு வந்து குளிர்க் கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே பாதுகாப்பு அமைச்சர்களாகிவிடுவார்கள். அந்த ஆலோசனைகள் ஒன்றும் சனாதிபதிக்குப் போய்ச் சேராததுதான் குறை.

சண்டை நடந்த இடம் வானொலி. அப்போது தமிழ் வானொலி கேட்பதற்கென்று ஒரு தனிப் பெட்டி வாங்கவேண்டும். அதில் அந்த ஒரு நிலையம் மட்டும்தான் வரும். எங்கள் வீட்டில் அது குசினியில், ஃபிரிட்ஜின் மேல் இருந்தது. சனிக்கிழமை பின்னேரங்களில் நேயர்கள் தொலைபேசியில் வந்து கருத்துச் சொல்வார்கள். ஒருவரும் பெயர் சொல்வதில்லை. அஜக்ஸ் அன்ரி, விட்பி அண்ணை என்று குடியிருக்கும் இடத்தை வைத்துத்தான் அழைப்பு. இதில் விட்பி அண்ணை நம்பாத கட்சியின் பீரங்கி. "சனாதிபதி சிரிச்சுக்கொண்டு வெளிநாட்டுக்காரருக்குப் படம் காட்டுறா. பின்னுக்கு ஆமி தயாராகுது. எழுதி வைச்சுக்கொள்ளுங்கோ" என்று ஒவ்வொரு கிழமையும் முழங்குவார். என் கணவர் அவருடைய கட்சி. பீங்கான் கழுவிக்கொண்டே "சரியாச் சொன்னார்" என்பார்.

நான் நம்புகிற கட்சி. அரசியல் ஞானம் எதுவும் இல்லை. எனக்கு யாழ்ப்பாணத்துப் பாதை திறக்கவேண்டும், அவ்வளவுதான்.

அம்மா அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார். யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே வருவதென்றால் இயக்கத்திடம் பாஸ் எடுக்கவேண்டும். போகிறவர் திரும்பி வருவார் என்று ஒருவர் பிணை நின்று கையெழுத்து வைக்கவேண்டும். அம்மாவின் பாஸ் கண் புரை வெட்டுவதற்கு, மூன்று மாதத்துக்கு. பிணை நின்றது என் ஒரே தம்பி. பள்ளிக்கூட ஆசிரியன், கலியாணம் முடிக்காதவன். ஆனால் அம்மா திரும்பிப் போவதாக இல்லை. நான் ஸ்பொன்சர் செய்து கனடா விசா வந்துவிட்டது. பாஸ் முடிவதற்குள் தம்பியும் எப்படியாவது கடலேரியைக் கடந்து வெளியே வந்துவிடவேண்டும், அதன்பிறகு அம்மா விமானம் ஏறவேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. அம்மா திரும்பிப் போகமாட்டார் என்று இயக்கத்துக்கு முந்தித் தெரிந்துவிட்டால் தம்பியைத்தான் பிடிப்பார்கள். பிடித்தால் என்ன நடக்கும் என்று ஒருவரும் சொல்வதில்லை. திரும்பி வந்தவர்கள் அதைப் பற்றிக் கதைப்பதில்லை, திரும்பி வராதவர்களும் இருந்தார்கள். ஆகவே யார் கேட்டாலும் "அம்மா கண் வெட்ட வந்தவ, வெட்டிப்போட்டுப் போயிடுவா" என்பதுதான் எங்கள் பதில். என் கணவரின் தமக்கைக்குக்கூட அதைத்தான் சொல்லியிருந்தோம்.

அந்தச் சனிக்கிழமை நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். விட்பி அண்ணை வந்தார். வழமையான முழக்கம் முடிந்து, புதிதாக ஒன்று சொன்னார்.

"சனாதிபதியை நம்பச் சொல்லுற ஆக்களுக்கு அங்க ஒருத்தரும் இல்லை. எல்லாரையும் கூப்பிட்டு வைச்சுக்கொண்டு, ஹீற்றர் போட்ட வீட்டுக்குள்ள இருந்து சமாதானம் கதைக்கினம்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அது எனக்குப் பிறவிக் குணம். கத்தியை வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தேன். கணவர் குளியலறையில் இருந்தார். ஐந்தாறு முறை அடித்து லைன் கிடைத்தது.

"எனக்கு அங்க ஆக்கள் இல்லையெண்டு ஆர் அண்ணை உங்களுக்குச் சொன்னது? என்ர கூடப்பிறந்த தம்பி அங்கதான் நிக்கிறான். நீங்கள் விட்பியில இருந்து சண்டை பிடிக்கச் சொல்லுங்கோ, குண்டு அவன்ர தலையிலதான் விழும். சனாதிபதி கள்ளமோ நல்லமோ, பாதை திறந்தாக் காணும்" என்று பொரிந்து தள்ளினேன்.

அறிவிப்பாளர் குரலில் தேன் ஒழுகும் மனிதர். "அக்கா நல்லா உணர்ச்சியோட கதைக்கிறியள். ஊரில எவ்விடம் அக்கா?" என்றார்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு குரலைக் கேட்டால் அதன் ஊரைக் கேட்காமல் இருக்க முடியாது. கேட்டால் சொல்லாமலும் இருக்க முடியாது. நான் ஊரைச் சொன்னேன். பெருமையோடு கோயிலடி என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"அம்மா அப்பா அங்கயோ?"

"அப்பா இல்லை. அம்மா வாற மாதம் இஞ்ச வந்திடுவா. தம்பிதான் தனிய" என்றேன்.

அறிவிப்பாளர் நன்றி சொன்னார். நான் தொலைபேசியை வைத்தேன். திரும்பினால் கணவர் துவாயோடு குசினி வாசலில் நின்றார். அவருடைய முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது என் காதிலேயே விழுந்தது.

"நீர் என்ன சொன்னனீர் எண்டு விளங்குதோ?" என்றார் மெதுவாக. அவர் கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஊர், கோயிலடி, தனியே நிற்கும் தம்பி, வரப்போகும் அம்மா. ஒரு வாத்தியாரின் வீட்டைக் கண்டுபிடிக்க இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. ரொறன்ரோவில் சொன்னது யாழ்ப்பாணத்துக்கு எப்படிப் போகும் என்று நீங்கள் கேட்கலாம். அப்போது எங்களுக்கு அந்தச் சந்தேகமே இருக்கவில்லை. எல்லாம் போகும் என்றுதான் எல்லோரும் நம்பினோம்.

தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. "உம்மட குரல் எண்டு கண்டுபிடிச்சிட்டன். அம்மா வாறாவாம், எவ்வளவு சந்தோசம்!" என்றார் வேலையிடத்தில் பழகிய ஒருவர். அடுத்து ஊர்க்காரி ஒருத்தி. அதற்கு அடுத்தது ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டது. அது தவறான இலக்கமாக இருக்கலாம். ஆனால் அந்த மௌனத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. கணவர் வயரைப் பிடுங்கிவிட்டார்.

அப்போதுதான் மற்றது ஞாபகம் வந்தது. அந்த நிகழ்ச்சியைக் கசற்றில் பதிந்து ஞாயிறு மத்தியானம் மறு ஒலிபரப்புச் செய்வார்கள். சனிக்கிழமை வேலைக்குப் போனவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள்.

ஞாயிறு காலை பஸ் எடுத்து நிலையத்துக்குப் போனேன். ஒரு பிளாசாவில் மீன்கடைக்கு மேலே இரண்டு அறை. அறிவிப்பாளர் இருந்தார். பக்கத்தில் தடித்த ஜக்கெற் போட்ட ஒருவர் பத்திரிகை வெட்டிக்கொண்டிருந்தார்.

"நேற்று நான் கதைச்சதை இண்டைக்குப் போடவேண்டாம்" என்றேன்.

"ஏனக்கா? அதுதான் நேற்றையிலேயே திறமான கருத்து!"

ஏன் என்று சொல்ல முடியாது. சொன்னால் அது முன்னதைவிட மோசம். "எனக்கு வெக்கமாக் கிடக்கு, கனக்கக் கோபப்பட்டிட்டன்" என்று உளறினேன். அறிவிப்பாளர் சிரித்தார். ஜக்கெற்காரர் சிரிக்கவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, அம்மா ஊரில இருந்து எப்ப வெளிக்கிட்டவ?"

அந்தக் குரல் எங்கள் ஃபிரிட்ஜின் மேல் இருந்து கிழமை தவறாமல் கேட்ட குரல். விட்பி அண்ணை.

"கண் வெட்ட..." என்றேன்.

"ஆர் பிணை?"

பதில் அவருக்குத் தேவையாக இருக்கவில்லை. எழும்பிப் போய் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த கசற்றை எடுத்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்தார். "இண்டைக்குப் பாட்டுப் போடு" என்று அறிவிப்பாளரிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

மறு ஒலிபரப்பு இல்லை. ஆனால் என் குரலும் ஊரும் தம்பியும் இப்போது அந்த மனிதரின் சட்டைப்பையில் இருந்தன. வானொலியில் சனாதிபதியை ஒருநாளும் மன்னிக்காத, இயக்கத்துக்கு எதிராக ஒரு சொல் பொறுக்காத மனிதர். காப்பாற்ற எடுத்தாரா, அனுப்ப எடுத்தாரா? மூன்று நாள் வேலையில் பெட்டிகளுக்கு மாறி மாறி லேபல் ஒட்டினேன். கடையில் யாராவது திரும்பிப் பார்த்தால் சாமானை வைத்துவிட்டு வெளியே வந்தேன். கணவரும் நானும் சனாதிபதியைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

நாலாம் நாள் லொட்ஜுக்கு எடுத்து அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"பாஸ் முடிய இன்னும் எத்தினை நாள் மோனை?" என்றார் கடைசியில்.

"பதினெட்டு."

"அப்ப காணும். நான் திரும்பிப் போறன்."

"அம்மா, விசா..."

"விசாவை என்ன செய்யிறது? கையெழுத்து வைச்சவன் என்ர பிள்ளை. நான் போய் நிண்டா அவனை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேலாது." பிறகு, "நீ சொன்னதெண்டு அவனுக்குச் சொல்லமாட்டன். நீயும் சொல்லாதை" என்றார்.

நான் தடுக்கவில்லை. அதை நேராகவே எழுதிவிடுகிறேன். பொறுங்கோ, ஒரு கிழமை பார்ப்போம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு இருந்த பயத்தில் அம்மா போகிறேன் என்றதும் நெஞ்சில் ஒரு ஆறுதல்தான் வந்தது.

அம்மா கடலேரியைக் கடந்துவிட்டார் என்று லொட்ஜ்காரர் சொல்லி ஒரு கிழமை இருக்கும். பின்னேரம் விட்பி அண்ணை எங்கள் கதவைத் தட்டினார். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கசற்றை நீட்டினார்.

"முகவரி எடுக்கச் சுணங்கிப்போச்சு. ஒருத்தரிட்டயும் குடுக்கேல்லை, பயப்பிடாதேங்கோ. அண்டைக்கு அந்தாளுக்கு முன்னால கதைக்கேலாது."

நான் கசற்றை வாங்கினேன். அவர் தாழ்வாரத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "என்ர மாமா போன வருசம் இஞ்ச வந்தவர், திரும்பிப் போகேல்லை. பிணை நிண்டது என்ர சகோதரம். நான் கிழமைக்குக் கிழமை சனாதிபதியைத் திட்டுறது ஏனெண்டு நினைக்கிறியள்? இயக்கம் அவனை ஒண்டும் செய்யாமல் விடட்டும் எண்டுதான். உள்ளதைச் சொன்னால், உவ நல்லவவா இருக்கவேணும் எண்டு நானும் நேர்த்தி வைச்சிருக்கிறன்."

அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றேன். அம்மா போய்விட்டார்.

பனி கரைந்த நாட்களில் பேச்சுவார்த்தை முறிந்தது. பழையபடி சண்டை. பிழை சனாதிபதியிலா இயக்கத்திலா என்று வானொலியில் இரண்டு கட்சியும் கிழித்துக்கொண்டார்கள். தம்பியின் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. சண்டை தொடங்குமுன் எழுதியது, யாரோ கொழும்பில் தபாலில் போட்டிருந்தார்கள். 'அக்கா, அம்மா ஏன் திரும்பி வந்தவ என்று விளங்கவில்லை. மனம் கேட்கவில்லை என்கிறா. இங்கே என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த கிழமை வெளிக்கிட எல்லாம் ஒழுங்கு செய்திருந்தேன். இனி அம்மாவைத் தனியே விட்டுவிட்டு எப்படி வருவது?' என்று எழுதியிருந்தான்.

ஒருவரும் கேட்கவில்லை. அந்த வரியை எத்தனை முறை வாசித்தேன் என்று தெரியாது.

அந்த ஐப்பசியில் இராணுவம் யாழ்ப்பாணத்தைப் பிடிக்க வர, ஊர் முழுக்க எழும்பி மழைக்குள் நடந்தபோது அம்மாவும் நடந்தார். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்து விறாந்தையில் காய்ச்சலில் படுத்தார். தைக்கு முன்பே முடிந்துவிட்டது. எனக்குச் செய்தி வர இரண்டு மாதம் சென்றது.

தம்பி பல வருடங்களுக்குப் பிறகு வந்து சேர்ந்தான். இப்போது அஜக்ஸில் வீடு வாங்கிப் பிள்ளைகளோடு இருக்கிறான். அம்மாவின் திவசம் ஒவ்வொரு வருடமும் அவன் வீட்டில்தான். படையல் முடிந்து சாப்பிட உட்காரும்போது தவறாமல் ஒன்று சொல்வான். "அம்மாவால என்னை விட்டிட்டு இருக்கேலாமல் போச்சு அக்கா. அதுதான் கனடாவே வேண்டாமெண்டு திரும்பி வந்தவ."

அதைச் சொல்லும்போது அவனுக்குக் கண் கலங்கும். ஆனால் முகத்தில் ஒரு சந்தோசமும் இருக்கும். அவனுக்கென்று அம்மா விட்டுப்போனது அது ஒன்றுதான். நான் "ஓம் தம்பி" என்று சொல்லி அவன் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு போடுவேன்.

நான் எழுதுவதையெல்லாம் அவன் ஒன்றுவிடாமல் வாசிக்கிறவன். இதையும் வாசிப்பான்.