கூடையில் எத்தனை கிலோ

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்துக் காம்பராவுக்குள் குனிந்து நுழையும்போதே பேச்சாயி கேட்டுவிடுவாள்: "இன்னைக்குக் கூடையில எத்தன கிலோ?"

கூடையும் கிடையாது, கொழுந்தும் கிடையாது. பாயில் கிடப்பவருக்கு வலி, கொழுந்துக் கூடை மாதிரி எத்தனை கிலோ கனக்கிறது என்றுதான் கேட்கிறாள். மடுல்சீமைப் பக்கம் புற்றுநோய் முற்றி, ஆஸ்பத்திரி வீட்டுக்கு அனுப்பிவிட்ட பதினொரு பேரை வாராவாரம் போய்ப் பார்ப்பவள் அவள்தான். காலில் அட்டை கடித்தால் தட்டிவிட மாட்டாள். "குடிச்சிட்டு அதுவா எறங்கும். நமக்கு வேல கெடக்கு."

அவள் இப்படிக் கேட்டு எழுதுவது பதுளை டாக்டர் மதுசூதனனின் ஆராய்ச்சிக்காக. சாகக் கிடக்கிறவர்களின் வலியை எப்படிக் குறைப்பது என்று எழுத வந்தவர். முதலில் அவரே வந்து, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலிக்கு ஒரு நம்பர் சொல்லச் சொன்னார். நம் ஆட்கள் துரைக்கும் டாக்டருக்கும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார்கள்: "பரவாயில்லீங்க சார்." அவர் பூஜ்யம் போட்டார். பூஜ்யத்துக்கு என்ன மருந்து கிடைக்கும்? சும்மா வலி மாத்திரைதான். பேச்சாயி கிலோவில் கேட்கத் தொடங்கிய பிறகுதான் உண்மை வெளியே வந்தது, நல்ல மருந்தும் வந்தது.

அந்தப் பதினொரு பேரில், முப்பது வருஷம் கொழுந்து பறித்த ரெங்கம்மா மட்டும் ஒரு நிபந்தனை போட்டாள். "எழுதிக்க. ஆனா அச்சானதும் நான் கண்ணால பாக்கணும்."

டாக்டரோ பேர்போன வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்ப இருந்தார். "காசு கட்டினால்தான் வாசிக்கலாம் அக்கா" என்றார் பேச்சாயியிடம்.

பேச்சாயி வலிக் கணக்கு எழுதிய கொப்பியை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள். "எங்க வலிய நாங்க பாக்க டிக்கட்டா? என்னாங்க, படமா ஓடுது?"

டாக்டர் சிரித்தார். சிரித்தால் ஆச்சா? கொப்பி வரவில்லை. ஒரு வாரம் யோசித்து, இன்டர்நெட்டில் யாரும் சும்மா வாசிக்கக்கூடிய சஞ்சிகைக்கு அனுப்புவதாக ஒத்துக்கொண்ட பிறகுதான் கைமாறியது.

அச்சாக ஏழு மாதம். வாராவாரம் ரெங்கம்மா கேட்பாள்: "வந்துருச்சா? எமன் வாசல்ல நிக்கிறான். பீடி குடிச்சிக்கிட்டு இருய்யான்னு சொல்லி வச்சிருக்கேன்."

பதுளை பஜாரில் றஷீனாவின் இன்டர்நெட் கடையில் வெளிவந்த கட்டுரையைத் தாளில் அச்செடுத்து, நனையாமல் நெஞ்சோடு வைத்துக் கொண்டுபோனாள் பேச்சாயி. எல்லாம் இங்கிலீஷ். பெயர் கிடையாது, நம்பர்தான். ஆறாவது வரியில் ரெங்கம்மாவின் விரலைப் பிடித்து வைத்தாள்.

"இதான் நீ. சித்திர மாசம், பதினெட்டு கிலோ."

ரெங்கம்மா எழுந்து உட்காரப் பார்த்தாள். "பொய்யி! இருவது சொன்னேன். கொழுந்து ஈரம், தண்ணிக்குன்னு ரெண்டு கிலோ வெட்டிட்டானா டாக்டரு? எட போடுற கணக்குப்பிள்ள புத்தி!"

பேச்சாயி கொப்பியைப் புரட்டினாள். இருபதுதான் எழுதியிருந்தது. கொண்டையில் சொருகியிருந்த பேனாவை உருவினாள். உலகத்துக்கே அச்சான பதினெட்டை ஒரே கோடாகக் கிழித்து, பக்கத்தில் இருபது என்று கொட்டை எழுத்தில் போட்டாள்.