நாலாவது சிட்டு

எங்கள் வீட்டில் ஒரு விண்வெளிப் போர்விமானம் இருந்தது. அதற்குச் சிட்டு என்று பெயர். பவுடர் டப்பாதான் அதன் உடம்பு. மூக்குக்கு உடைந்த சைக்கிள் மணியின் மூடி. ஓட்டுகிறவர் உட்காரும் குழியில் சைக்கிள் சக்கரத்திலிருந்து எடுத்த ஒரு பால்ரஸ் குண்டு, அதுதான் பைலட். செய்து கொடுத்தவர் அப்பா. திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்குச் சைக்கிள் விடும் கடையில் அவர் வேலை பார்த்தார். பேச்சு அவருக்கு வராது. எதையாவது செய்து எங்கள் முன்னால் வைத்துவிட்டு, நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். பேசாத குணத்தில் நான் அவரைக் கொண்டு பிறந்தவள்.

முதல் சிட்டின் இறக்கைகளைப் பழைய ரப்பர் செருப்பில் வெட்டியிருந்தார். அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் விமானத்தின் வேலை பூமியைச் சுற்றிக் காவல் காப்பது. சுற்றுவது என்றால் எனக்குத் தெரிந்தது மலை சுற்றுவதுதான். செருப்போடு யாராவது சுற்றுவார்களா? அப்பா ஒன்றும் சொல்லாமல் செருப்பைப் பிடுங்கிவிட்டுத் தகரத்தில் இறக்கை மாட்டினார். அது இரண்டாவது சிட்டு. பீரங்கி இல்லாமல் என்ன போர்விமானம் என்று அண்ணன் கேட்டான். ஒடிந்த சைக்கிள் கம்பிகளை மூக்கின் இரண்டு பக்கமும் நீட்டி வைத்தார். மூன்றாவது சிட்டு ஆயிற்று. எதிரிகள் நிலாவுக்குப் பின்னாலிருந்து வருவார்கள் என்றும், பௌர்ணமியன்று மட்டும் சண்டை கிடையாது, கூட்டம் ஜாஸ்தி என்றும் அண்ணன் சட்டம் போட்டான்.

மூன்றாவது சிட்டு உத்தரத்தில் நூல் கட்டித் தொங்கிக்கொண்டிருந்த சமயத்தில்தான் அம்மாவை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். அம்மாவுக்கு மார்பில் கட்டி. எங்களிடம் வெறுமனே கட்டி என்று சொன்னார்கள். எனக்கும் முழங்காலில் ஒரு கட்டி வந்து, பழுத்து, உடைந்து போயிருந்தது. அதனால் நான் கவலைப்படவில்லை. எங்களுக்குச் சமைத்துப் போட அப்பாவின் அக்கா வந்து தங்கினாள்.

ஒரு மத்தியானம் அப்பா வேலூரிலிருந்து தனியாகத் திரும்பி வந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்தார். அத்தை வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள்.

"எடுத்துட்டாங்களாடா?"

"ம். வலது பக்கம். முழுசா."

"உசுரு பொழைச்சாளே, அது போதும். எப்ப இட்டுனு வர்ற?"

"வரமாட்டேன்றாக்கா. அவங்க அம்மா வீட்டுக்கே போயிடறாளாம். இந்த ஒடம்போட என் மூஞ்சில முழிக்கமாட்டாளாம்."

"நீ இன்னா சொன்ன?"

அப்பா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லலியா? கல்லாட்டம் நின்னா அவ இன்னான்னு நெனப்பா?"

"சொல்லணும்னுதான் போனேன். வார்த்தை வரலக்கா."

அம்மா வரமாட்டாள் என்பதுதான் என் காதில் ஏறியது. மற்றது எதுவும் ஏறவில்லை. அம்மாவின் வலது மார்பைத்தான் எடுத்திருந்தார்கள் என்பது நான் பெரியவளான பிறகே எனக்குத் தெரிந்தது.

சாப்பிட்ட பிறகு அப்பா சிட்டை நூலிலிருந்து இறக்கினார். தகரம் வெட்டும் கத்தரியை எடுத்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலது இறக்கையை ஒட்ட வெட்டினார். நான் ஓவென்று அழுதேன். அண்ணன் அழவில்லை, சண்டைக்குப் போனான்.

"இன்னாப்பா இது? ரெக்கை இல்லாம எப்படிப் பறக்கும்?"

"அடிபட்டுடுச்சுடா. எடுத்தாதான் மத்தது பொழைக்கும்."

"ஒத்த ரெக்கைல ஒரு பக்கமாவே சாஞ்சினு போவும்."

"எந்தப் பக்கம்?"

அண்ணன் கையை நீட்டிப் பார்த்து யோசித்தான். "வலது பக்கம்."

"மலை சுத்தறப்ப நாம எந்தப் பக்கம் திரும்பறோம்?"

"வலது பக்கம்."

"அப்புறம் இன்னா?"

எங்கள் ஊரில் அதை மறுக்க யாராலும் முடியாது. ஆனால் நூலில் கட்டியபோது சிட்டு சாய்ந்து தொங்கியது. அப்பா முடிச்சை அவிழ்த்துக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளிக் கட்டினார். அப்போதும் சாய்ந்தது. மறுபடி அவிழ்த்தார். கடைக்குப் போகும் நேரம் தாண்டியும் முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் சிட்டு நேராக நின்றது. காற்று பட்டதும் மெல்ல வலப்பக்கமாகத் திரும்பியது. நான் அழுகையை நிறுத்திவிட்டு, பழைய சிட்டுதான் வேண்டும் என்றேன்.

"இதுதாம்மா நல்ல சிட்டு" என்றார் அப்பா. "இருக்கறதுலயே இதுதான். எனக்கு இது போதும்." எங்களிடம் அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்களையும் வேலூருக்குக் கூட்டிப் போனார். நான் சிட்டை மடியில் வைத்துக்கொண்டேன். சிட்டைப் பார்த்தால் அம்மா வந்துவிடுவாள் என்பது என் கணக்கு.

அம்மா சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்திருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து, முந்தானையை இரண்டு தோளையும் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இடது கையால் எங்கள் தலையைத் தடவினாள். பிறகு அப்பாவைப் பார்க்காமலே பேசினாள்.

"நாளைக்கு எங்கம்மா வருது. நான் அப்படியே அதுகூடப் போயிடறேன். புள்ளைங்கள அப்பப்ப காட்டினீங்கன்னா போதும்."

அப்பா பையிலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். வேறு வழி தெரியாமல் நான் சிட்டை அம்மாவின் மடியில் வைத்தேன்.

"ஒரு ரெக்கைய எங்கடி காணோம்?"

"அப்பா எடுத்துட்டாரு. அடிபட்டுடுச்சும்மா. எடுத்தாதான் மத்தது பொழைக்குமாம். இது நாலாவது சிட்டு."

"பாவம்டி. மொன்னையா இருக்கு."

"இல்லம்மா. இருக்கறதுலயே இதுதான் நல்ல சிட்டாம். எனக்கு இதுவே போதும்னு சொன்னாரு."

"யாரு சொன்னது?"

"அப்பாதான்."

அம்மா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அப்பாவின் காது சிவந்துபோயிருந்தது. தோல் முழுக்க உரித்தாகிவிட்ட பழத்தை அவர் இன்னும் உரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னொருவாட்டி சொல்லுடி" என்றாள் அம்மா.

சாப்பிட்ட மருந்தில் அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்தேன். எனக்கு ஒரே பாவமாகப் போய்விட்டது. நாலு பேர் எதிரில் வாய் திறக்காத நான், கட்டிலில் ஏறி அவள் காதருகே குனிந்து, வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அதைவிடச் சத்தமாகச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பி வைத்த அன்று அம்மா எங்களோடுதான் பஸ் ஏறினாள். முன் சீட்டில் அண்ணன். ஜன்னலோரம் அம்மா, நடுவில் நான், இந்தப் பக்கம் அப்பா. அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அம்மாவுக்குத்தான் காது கேட்காதே என்று, திருவண்ணாமலை வரும்வரை நான் அவளிடம் கத்திக் கத்தியே பேசிக்கொண்டு வந்தேன். மெதுவாகப் பேசு என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.