நெட் இருந்தால் எல்லாம் வரும்

ஏழுமலை சாவதற்குமுன் தன் மகனின் முகத்தைப் பார்க்க முடியாமல் செய்தவன் நான்தான். ஒரு பெட்டியை விற்பதற்காக, ஒரே ஒரு சொல்லைத் தெரிந்தே திருத்தாமல் விட்டேன்.

அப்போது கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு டி.வி. கடையில் விற்பனையாளனாக இருந்தேன். டி.வி.டி.க்கு அடுத்ததாக, டிஸ்க்கில் படம் பார்க்கும் புளூ-ரே பிளேயர் புதிதாக வந்திருந்த சமயம். முதலாளி வேண்டாம் என்றார். நான்தான் அடம்பிடித்து ஒன்றை வாங்கிவைக்கச் செய்தேன். எட்டு மாதம் அது கண்ணாடி அலமாரியிலேயே கிடந்தது. டிஸ்க்கைப் போட்டு நெட்டை இணைத்தால் மெனுவில் ‘லைவ்’ என்று ஒன்று வரும். அதுதான் அதன் பெருமை. “இன்னாபா, உன் லைவ்வுக்கு உசுரு கீதா?” என்று முதலாளி தினமும் கிண்டல் செய்வார். எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

அந்த ‘லைவ்’வில் என்ன இருந்தது தெரியுமா உங்களுக்கு? ஒன்றுமில்லை! அரை மணி நேரம் டவுன்லோடு கோடு நகர்ந்து நகர்ந்து, வேறேதோ படத்தின் டிரெய்லர் இறங்கும். அதே படத்தைப் பார்க்கும் யாரோ ஒருவருக்கு இங்கிலீஷில் இரண்டு வரி தட்டி அனுப்பலாம். அவ்வளவுதான். நாங்கள் விற்ற தமிழ்ப்பட டிஸ்க் எதிலும் அதுகூடக் கிடையாது. இந்த வசதியை நம்பி வாங்கலாமா என்று என் தம்பி கேட்டிருந்தால், தண்டம், வாங்காதே என்றிருப்பேன். ஏழுமலையும் கேட்டாரே... அவரிடம் ஏன் சொல்லவில்லை?

ஏழுமலை கவரைப்பேட்டைக்காரர். தொழிற்பேட்டையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டாள். ஒரே மகன் குமார், குவைத்தில் வெல்டர். இருதயம் வீங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னதையும், அதைக் கேட்டு மகன் லீவு போட்டு வரப்போவதையும், விலை விசாரிப்பதற்கு முன்பே என்னிடம் சொல்லிவிட்டார்.

‘லைவ்’ என்றால் எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம்? கிரிக்கெட் லைவ். தேர்தல் முடிவு லைவ். அங்கே நடப்பது இங்கே அப்படியே தெரிவது. பெட்டியில் ‘லைவ்’ வரும் என்று நான் சொன்னதும், “அப்போ எம்புள்ள மூஞ்சி இதுல லைவ்வா தெரியுமா?” என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை அவர் ‘ஆமாம்’ என்று எடுத்துக்கொண்டார். திருத்த ஒரு நொடி போதும்... திருத்தவில்லை!

கடையிலிருந்தே மகனைச் செல்போனில் அழைத்தார். “நைனா, லீவு போட்டுக்கினு வராதடா. ஆளக் கொறைக்கிறாங்கன்னு நீதான சொன்ன? இப்போ வந்தா திரும்ப எடுக்க மாட்டானுங்க. இங்க டி.வி.லயே உன்ன லைவ்வுல பாக்கலாமாம். இந்தா, கடைக்காரரே சொல்றாரு.” போனை என் கையில் திணித்தார்.

“அண்ணா, நெஜமாவாண்ணா?”

கல்லாவிலிருந்து முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நெட் இருந்தா எல்லாம் வரும் தம்பி” என்றேன்.

பார்த்தீர்களா சாமர்த்தியத்தை? பொய் என்று எவனும் பிடிக்க முடியாத பொய்! குமார் விடுப்பை ரத்து செய்தான்.

மறுவாரம் அவர் வீட்டுக்கு நெட் இணைப்பு வந்ததும் நானே போய் மாட்டிக் கொடுத்தேன். இஸ்திரி போட்ட சட்டையுடன், தலையைப் படிய வாரிக்கொண்டு, டி.வி. முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் ஏழுமலை. மகனுக்கும் அங்கே தன் முகம் தெரியுமாம்! அவருக்கு ஒரு வார்த்தையும் புரியாத இங்கிலீஷ் படம் ஓடியது. வந்த முகத்தையெல்லாம் உற்று உற்றுப் பார்த்தார். “எப்போப்பா வருவான்?”

“சர்வர் பிஸி பெரியவரே. அடுத்த வாரம் பாருங்க.”

அடுத்த வாரமும் அதையே சொன்னேன். அதற்கடுத்த வாரமும்... அவர் ஒருநாளாவது கத்தியிருக்கக் கூடாதா? “பரவால்லப்பா, உனக்குத்தான் என்னால பேஜாரு” என்று எனக்காக வருத்தப்பட்டார். பாவி நான், அப்போதாவது வாயைத் திறந்தேனா?

மூன்றாம் மாதம் ஒரு காலையில் மாரடைப்பு. குமாருக்கு டிக்கெட் கிடைத்து அவன் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்த மறுநாள், மொட்டைத் தலையுடன் கடைக்கு வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன்.

“ஒண்ணு கேக்கணும்ண்ணா. ‘உன்ன லைவ்வுல பாத்துட்டேன்டா, எளச்சிப் போய்க்கீற, நல்லா துன்னு’ன்னு அப்பா வாராவாரம் போன்ல சொல்லிக்கினே இருந்தாரு. என் ரூம்ல கேமராவே கெடையாதுண்ணா. நெஜமாவே பாத்தாரா?”

மகனின் வேலை போய்விடக் கூடாது என்று, என் பொய்யை அவர் தன் பொய்யாக ஆக்கிக்கொண்டிருக்கிறார்! எப்போது கண்டுபிடித்தார்? முதல் வாரமேவா? தெரிந்துகொண்டேவா எனக்காக வருத்தப்பட்டார்?...

உண்மையைச் சொன்னால் செத்தவரின் சொல்லும் பொய்யாகிவிடும் என்று இன்றுவரை எனக்கு நானே காரணம் சொல்லிவருகிறேன். அது காரணமே இல்லை. பயம். வெறும் பயம்!

“பாத்தாருப்பா” என்றேன்.

குமார் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதான். “நீங்க இல்லன்னா அவருக்கு அதுவும் கெடச்சிருக்காதுண்ணா” என்று சொல்லி, எல்லோரும் பார்க்க என்னைக் கும்பிட்டான்.

நானும் கும்பிட்டேன்.