சாகவிடாத அக்கா

என் அக்கா இருபது வருஷமாக எங்கள் நாடகக் குழுவில் இருக்கிறாள். மேடையில் ஒருநாளும் முகம் காட்டியதில்லை. பக்கத்துத் திரைக்குப் பின்னால் நின்று, வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக்கொடுப்பதுதான் வேலை. பகலில் ஜெராக்ஸ் கடை. இரண்டு இடத்திலும் அடுத்தவர் எழுதியதை அட்சரம் பிசகாமல் கொடுப்பவள். வீட்டில் மட்டும் எல்லாம் சொந்த வசனம். அதில் பாதி எனக்கு விழும் திட்டு.

சலவை ஆலையில் கொதிகலன் வெடித்து ஏழு பேர் போய்விட்டார்கள். அந்தக் குடும்பங்களுக்கு உதவ ஒரே நாளில் நாடகம் எழுதி, மறுநாள் மாலையே போடுவதென்று முடிவாயிற்று. எங்கள் குழுவின் எழுத்தாளர் எழுத எழுத, அக்கா சூட்டோடு சூடாக நகல் எடுத்தாள். கடைசிப் பக்கத்தில் கதாநாயகன் சாகிறான் என்றதும் மெஷினை நிறுத்திவிட்டாள்.

"முன்வரிசையில அந்த ஏழு வீட்டுக்காரங்க உக்காரப் போறாங்க சார். அவங்க கண்ணு முன்னாடி இன்னொரு சாவா?"

"அழ வெச்சாத்தாம்மா ஜனங்க அள்ளிக் குடுப்பாங்க," என்றார் அவர்.

நானும் அவர் கட்சிதான். கதாநாயகன் நானாயிற்றே! மேடையில் சாவதென்றால் எனக்குக் கொள்ளை ஆசை. ஒருமுறை செத்து முடிக்கப் பதினொரு நிமிஷம் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஒருவருக்கும் ஒரு வரி மனப்பாடமில்லை. அக்கா கிசுகிசுத்ததை அப்படியே ஒப்பித்து ஒப்பேற்றினோம். கடைசிக் காட்சியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தேன். முன்வரிசையில், புருஷனைப் பறிகொடுத்த ஓர் அம்மாள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அக்காவும் அதைப் பார்த்திருக்கிறாள்.

"எழுந்திருடா. டாக்டர் வந்துட்டாரு, நீ பொழச்சுட்ட," என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் இன்னும் முழுசாகச் சாகவே இல்லை.

"கொஞ்ச நேரம்க்கா," என்று பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சினேன். தலைமாட்டில் மைக் இருந்தது. ஹால் முழுக்கக் கேட்டு, ஒரே சிரிப்பு. வேறு வழியில்லாமல் பிழைத்து எழுந்தேன்.

முடிந்ததும் எழுத்தாளர் அக்காவை வாங்கு வாங்கென்று வாங்கினார்.

"அவங்க துக்கத்தக் கேலிக்கூத்தாக்கிட்டேனாடா?" என்று என்னைக் கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து அந்த அம்மாளே உள்ளே வந்தாள். அக்கா என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"எங்க வீட்டுக்காரரும் எழுப்பினா இப்படித்தான் தம்பி, 'கொஞ்ச நேரம்'பாரு," என்றாள் அந்த அம்மாள். "மூணு நாளா எல்லாரும் அவரு எப்படிச் செத்தாருன்னுதான் கேக்கறாங்க. அவரு எப்படித் தூங்குவாருன்னு இன்னிக்குத்தான் ஞாபகம் வந்துச்சு."

அக்கா அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அந்த அம்மாள்தான் முதுகைத் தடவிக்கொடுத்து அவளைச் சமாதானப்படுத்தினாள்.