வலப்பக்கச் சக்கரம்

எண்பதுகளின் கடைசியில் லண்டனில், உள்ளூர்க் கவுன்சிலில் எனக்கு வேலை கிடைத்தது. வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிக்க வைப்பது, சமைத்துக் கொடுப்பது, மருந்தெடுத்துக் கொடுப்பது. கோலியர்ஸ் வுட்டில் எனக்குத் தந்த வீட்டில் ஓர் அமெரிக்கர் தனியாக இருந்தார். மனைவி லண்டன்காரி, இறந்து நெடுநாளாகியிருந்தது.

சுவரில் ஒரு படம். கதவில் இலக்கம் எழுதிய பழைய காரின் பக்கத்தில், முகமெல்லாம் புழுதியோடு அவர் இளைஞராக நின்றார். மரியாதைக்காக ஒருநாள் யாரென்று கேட்டேன். அதன் பிறகு நான் போன நாளெல்லாம் அதே கதைதான்.

அது ஸ்டொக் கார்ப் பந்தயத்தின் தொடக்க காலமாம். கடையில் விற்கும் சாதாரணக் காரைத்தான் ஓட்டுவார்கள். கதவு திறந்துவிடாமல் இடுப்புப் பட்டியால் கட்டுவார்களாம். கிழமை நாட்களில் அவர் மரம் ஏற்றும் லொறி ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை அதே லொறியில் காரைக் கட்டி இழுத்துப்போய் மண் பாதையில் ஓட்டினார். புழுதியில் முன்னால் போகும் கார் தெரியாது. மேலே தெரியும் மர நுனிகளைப் பார்த்துத்தான் வளைவு எங்கே என்று கண்டுபிடிப்பாராம். கடற்கரையில் ஓட்டும்போது கடல் ஏறுவதற்குள் பந்தயத்தை முடிக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லும்போது வெறுங்கையால் ஸ்டியரிங் பிடித்துக் காட்டுவார். நான் சிரிப்பேன்.

ஒரு காலை அவருடைய கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தேன். ஏன் பந்தயத்தை விட்டீர்கள் என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார். ஒரு பந்தயத்துக்கு முன் வலப்பக்க முன்சக்கரத்தில் தட்டும் சத்தம் கேட்டதாம். கூட இருந்த மெக்கானிக் கழற்றிப் பார்ப்போம் என்றான். பந்தயம் முடியட்டும் என்று இவர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாதியில் சக்கரம் கழன்று வேலிக்கு மேலால் பாய்ந்தது. பந்தயம் பார்க்க வந்து, தன் மனைவிக்குக் குடிக்க ஏதோ வாங்கிக்கொண்டு திரும்பிய ஒருவன் அந்த இடத்திலேயே செத்தான். விபத்து என்று எழுதி முடித்தார்கள். மெக்கானிக் வாய் திறக்கவில்லை.

"அதற்குப் பிறகும் நாலு வருடம் ஓட்டினேன். நான் அதிகம் வென்றது அந்த நாலு வருடத்தில்தான்," என்றார்.

என் தம்பி யாழ்ப்பாணத்தில் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போன இடத்தில் ஷெல் விழுந்து செத்தவன். ஷெல் அடித்தவன் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அவனும் எங்கோ ஓரிடத்தில் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அன்று மீதி நகங்களை வெட்டி முடித்தேன். அடுத்த நாள் அவருடைய கையைத் துடைக்க எனக்கு ஏலவில்லை. வேறு வீடு தரும்படி மேலதிகாரியிடம் கேட்டேன்.

கணவருக்கு விளங்கவில்லை.

"அந்த மனுசன் உமக்கு என்ன செய்தவர்?"

"எனக்கு ஒண்டும் செய்யேல்லை."

"பிறகேன் விட்டனீர்?"

நான் எழும்பி அடுப்படிக்குப் போனேன்.

டூட்டிங்கில் வேறொரு வீடு தந்தார்கள். கோலியர்ஸ் வுட்டுக்கு எனக்குப் பதிலாகப் போன பெண்ணை மாதங்கள் கழித்து பஸ்ஸில் கண்டேன். அந்த அமெரிக்கர் மாரிக் குளிரில் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார், அடக்கத்துக்கு அவளும் ஒரு பாதிரியாரும் மட்டும்தான் என்றாள். முதல் சில வாரங்கள் என்னைக் கேட்டாராம். நான் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டேன் என்று அவளாகவே சொல்லியிருக்கிறாள்.

"நம்பினவரே?" என்று கேட்டேன்.

"இல்லை அக்கா. பிறகு கதைக்கிறதையே விட்டிட்டார்."