செபாஸ்தியம்மாள் வீட்டுச் சர்பத்

பாக்கியராஜ் வீட்டுக் கணக்கு நோட்டிலிருந்து:

1996 அக்டோபர் 14: மாலை, வேட்டு, பிராந்தி. ரூ. 1,860
1997 மே 2: கண்ணாடி டம்ளர் இரண்டு டஜன். ரூ. 168
1997 மே 2: சீனி பத்து கிலோ. ரூ. 150
2001 செப்டம்பர் 3: அமெரிக்காவுக்கு ஏரோகிராம் ஒன்று. ரூ. 8.50
2001 அக்டோபர் 7: பிராந்தி இரண்டு பெட்டி, கடையில் திருப்பிக் கொடுத்தது. ரூ. 7,200

சாணார்பட்டிக்குக் கிழக்கே சந்தியாகுபுரத்தில் செபாஸ்தியம்மாள் என்றால், சின்ன வெங்காய வியாபாரி பாக்கியராஜின் மனைவி என்றுதான் முதலில் பேர். பாக்கியராஜ் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் ஜெயித்த அன்று சாயங்காலம் அவள் பிரசிடெண்டு வீட்டம்மா ஆனாள். அது என்ன வேலை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாள் விடிந்ததும் முதல் வேலை வந்து சேர்ந்தது. பிரசிடெண்டைக் காணவில்லை.

தேடிப் போனால், மனிதர் முத்துச்சாமி வீட்டு மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடக்கிறார். கழுத்தில் நேற்றைய வெற்றி மாலையின் நாரும் சரிகைத் தாளும் மட்டும் மிச்சம். பூவையெல்லாம் தின்று முடித்த வெள்ளாடு ஒன்று தலைமாட்டில் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. செபாஸ்தியம்மாள் அந்த நாரைப் பிடித்தே எழுப்பி, அதைப் பிடித்தபடியே வீடு வரை கூட்டிவந்தாள். ஊர் முழுக்கப் பார்த்தது.

அவர் குளித்துத் தலை துவட்டியதும் அவரையும் அந்தோணியார் கோயிலுக்குக் கூட்டிப்போய் முழங்காலில் நின்றாள். "நீ பிரசிடெண்டா இருக்குற வரைக்கும் நம்ம கேட்டுக்குள்ள ஒரு பாட்டிலும் வரக்கூடாது. அந்தோணியார் மேல ஆணை" என்றாள். பாக்கியராஜ் தலையைத் தொங்கப் போட்டார். தலைவலியில் தொங்கிய தலைதான். அவள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

ஆணை எளிது. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் ரோடு போடும் காண்ட்ராக்டர், போர்வெல் போடுகிறவர், கையெழுத்துக்கு அலைகிறவர். அவர்களுக்கு வேறு எதைக் கொடுப்பது என்று ஆறு மாதம் தடுமாறினாள். அப்போதுதான் ரொனால்டின் கடிதம் வந்தது. ரொனால்டு அவளுடைய அக்காள் மகன். அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் கம்ப்யூட்டர் வேலை. மகள் நான்சி கடிதத்தை வாசித்தாள்.

"சித்தி, நீங்க பிரசிடெண்டு வீட்டம்மா ஆயிட்டீங்கன்னு அம்மா எழுதியிருந்தாங்க. நான் இருக்குற ஊருக்குப் பக்கத்துல ஒரு பழைய பிரசிடெண்டு வீடு இருக்கு. ஹேய்ஸ்னு பேரு. அவரு சம்சாரம் பேரு லூசி. நூத்திருவது வருசத்துக்கு முந்தி அவங்க இருந்த வரைக்கும் வெள்ளை மாளிகை விருந்துல மதுவே கெடையாது. எந்த நாட்டுத் தூதர் வந்தாலும் அப்பிடித்தான். எலுமிச்சைச் சாறு லூசின்னு பின்னாடி கேலிப் பேரே வச்சுட்டாங்க."

"லூசியா? நம்ம வேதமா?" என்றாள் செபாஸ்தியம்மாள்.

"மெத்தடிஸ்டும்மா. வேற சபை."

"இருந்துட்டுப் போகட்டும்."

அன்றே சாணார்பட்டிக்குப் பஸ் ஏறி டம்ளரும் சீனியும் வாங்கி வந்தாள். பழத்துக்குக் காசு செலவழிக்க வேண்டியிருக்கவில்லை. பெரிய மனிதரைப் பார்க்க வெறுங்கையோடு போகலாகாது என்று வருகிறவர் எல்லாம் ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தைப் பிரசிடெண்டு கையில் கொடுப்பார்கள். அவர் அதைக் கண்ணில் ஒற்றி மேசையில் வைப்பார். அவள் எடுத்து அறுத்து, பிழிந்து, கொடுத்தவருக்கே டம்ளரில் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அந்த ஐந்து வருசத்தில் சந்தியாகுபுரத்தில் அவள் கைச் சர்பத் குடிக்காத வாய் கிடையாது.

"நம்ம பழத்தையே நமக்குப் பிழிஞ்சு குடுக்குது. இதுக்கு நான் என் வீட்டுலயே நக்கிட்டுப் போயிருவேன்" என்பார் முத்துச்சாமி. சொல்லிக்கொண்டே இரண்டாவது டம்ளருக்குக் கையை நீட்டுவார்.

2001இல் மறுபடி தேர்தல் வந்தது. எதிரே நின்றவர் பேச்சிமுத்து, சவுண்டு சர்வீஸ் வைத்திருப்பவர். குழாய் கட்டிய ஆட்டோ சொந்தம். மைக் வாடகையும் மிச்சம். தோட்டத்தில் தினமும் கறிச்சோறு, பிராந்தி. பாக்கியராஜ் மனைவியைத் தனியே கூப்பிட்டார்.

"இந்தா பாரு செபஸ்தி, ஒரே ஒரு நாளு. வியாழக்கெழமை கெடா வெட்டி, கேட்டைத் தொறந்து விட்டுருவோம். இல்லைன்னா நான் வெங்காயத்துக்கே திரும்பிற வேண்டியதுதான்."

"வெங்காயத்துக்கு என்ன கொறைச்சல்?"

"வெங்காயத்துக்கு எவனும் எந்திரிச்சு நிக்க மாட்டான்."

அந்த நாற்காலியை அவர் எவ்வளவு விரும்பினார் என்று அவளுக்குத் தெரியும். ஆணையை மீறினால் அந்தோணியார் முகத்தில் விழிக்க முடியாது. மீறாவிட்டால் இவர் முகத்தில் விழிக்க முடியாது. இதை முன்னமே எதிர்பார்த்துத்தான் செப்டம்பர் மாதம் ரொனால்டுக்கு ஏரோகிராமில் ஒரு கேள்வி எழுதிப் போட்டிருந்தாள்: சர்பத் கொடுத்த பிறகு லூசியம்மாவின் வீட்டுக்காரர் இரண்டாவது தடவை ஜெயித்தாரா? ஜெயித்திருந்தால் துணிந்து நிற்கலாம். பதில் வரவில்லை. அமெரிக்காவில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து விமானங்கள் நின்றுபோயின. தபால் உறையில் விஷப்பொடி வருகிறது என்று அங்கே ஜனங்கள் கடிதத்தைத் தொடவே பயந்தார்கள்.

அக்டோபர் 7, ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்தவள் வெங்காயக் கொட்டகையில் சாக்குக்கு அடியில் இரண்டு பெட்டி பிராந்தியைப் பார்த்தாள். வெகுநேரம் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

பிறகு நான்சியைக் கூப்பிட்டாள். "ஆட்டோவுக்குச் சொல்லு."

"ரொனால்டு அண்ணன் பதில் எழுதட்டும்னு சொன்னியேம்மா?"

"லூசி யாருகிட்ட எழுதிக் கேட்டுச்சு?"

பெட்டிகள் கடைக்குத் திரும்பிப் போயின. பாக்கியராஜ் மனைவியோடு பேசுவதை நிறுத்தினார். "நான்சி, உங்கம்மாவைத் தண்ணி கொண்டாரச் சொல்லு" என்பார், அம்மா எதிரிலேயே நிற்கும்போது.

விருந்து நின்ற செய்தி பேச்சிமுத்துவை எட்டியது. ஜெயித்தாயிற்று என்றே அவர் நினைத்தார். இருந்தும் பாக்கியராஜின் மேடைப் பேச்சின்மேல் அவருக்கு ஒரு பயம் இருந்தது. அதற்காக வடமதுரைப் பக்கம் பொம்மையன் என்ற மந்திரவாதியிடம் ஒரு பழம் மந்திரித்து வாங்கி வைத்திருந்தார். வாய்க்கட்டுப் பழம். எதிராளி வீட்டில் அது ஓர் இரவு தங்கினால் வீட்டுக்காரருக்கு நாக்கு எழாது. இதெல்லாம் செபாஸ்தியம்மாளுக்குப் பின்னால்தான் தெரியவந்தது. நமக்கு இப்போதே தெரிந்தால் தப்பில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே பேச்சிமுத்து வெள்ளை வேட்டியில் வந்தார். "போட்டி வேற, பழக்கம் வேற மாப்ள" என்று சொல்லிப் பழத்தைப் பாக்கியராஜ் கையில் கொடுத்தார். பாக்கியராஜ் கண்ணில் ஒற்றி மேசையில் வைத்தார்.

அடுத்த நிமிஷம் அரிவாள்மனைச் சத்தம் கேட்டது.

"தங்கச்சி, அது... அது இருக்கட்டும். மேசையிலயே இருக்கட்டும்" என்றார் பேச்சிமுத்து.

"அறுத்தாச்சுண்ணே. நல்ல சாறுள்ள பழம்."

டம்ளர் வந்தது. பேச்சிமுத்து நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "எனக்குச் சளி" என்றார்.

"எலுமிச்சைக்குச் சளி ஓடிப்போகும்."

"சீனி ஆகாது."

"உப்புப் போட்டுருக்கேன்."

"மாப்ள குடிக்கட்டும்."

பாக்கியராஜ் கூரையைப் பார்த்துச் சொன்னார்: "நான்சி, இந்த வீட்டுச் சர்பத்தை இனிமே நான் தொடுறதா இல்லைன்னு உங்கம்மாட்ட சொல்லு."

"குடிங்கண்ணே, வெசமா குடுத்துட்டேன்?" என்றாள் செபாஸ்தியம்மாள்.

வாசலில் பத்துப் பேர் வேடிக்கை பார்த்தார்கள். பேச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

திங்கட்கிழமை காலையில் ஆட்டோவில் ஏறி மைக்கைப் பிடித்தார். "அன்பார்ந்த" வரைக்கும்தான் வந்தது. அப்புறம் காற்று. பயத்தில் அடைத்த தொண்டைதான் என்றார் சாணார்பட்டி டாக்டர். பேச்சிமுத்து நம்பவில்லை, பொம்மையனிடம் ஓடினார்.

"குடிச்சுட்டியா?" என்று பொம்மையன் தலையில் கை வைத்தார். "வீட்டுல வச்சா அதுக்கு மாத்து இருக்கு. வயித்துல வச்சா அதுக்கு நான் எங்க போவேன்?"

ஊமையாக இருந்தும் பேச்சிமுத்து தன் மனைவி சிவனம்மாளிடம் சைகையில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அவள் சிரிப்பை அடக்கமாட்டாமல் குழாயடியில் சொல்லிவிட்டாள். ராத்திரிக்குள் கதை உருமாறிவிட்டது: பிரசிடெண்டு வீட்டுச் சர்பத்தைக் குடித்துவிட்டுத் துரோகம் நினைத்தால் வாய் போகும், மாற்றிக் குத்தினால் விரல் மடங்கும். ஊரில் ஒவ்வொருத்தரும் ஐந்து வருசக் கணக்கை மனதில் ஓட்டிப் பார்த்தார்கள். முத்துச்சாமி ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்ததும் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தார்.

பாக்கியராஜ் ஜெயித்தார். மாலையோடு நேராக வீட்டுக்கு வந்து மனைவியிடம் நேரடியாகவே கேட்டார்: "கொஞ்சூண்டு சர்பத் இருக்கா?"

செபாஸ்தியம்மாளுக்கு அந்த வெற்றி இனிக்கவில்லை. அந்தோணியாருக்குக் கொடுத்த வாக்கு, கடைசியில் பொம்மையன் பழத்தின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டதே என்று வருத்தம். மிளகும் சுக்கும் தட்டிக் கஷாயம் வைத்துப் பேச்சிமுத்து வீட்டுக்கு எடுத்துப்போனாள். அவள் கையில் டம்ளரைக் கண்டதும் மனிதர் கட்டிலுக்கு அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டு, "வேணாந் தாயி" என்று கத்தினார். இரண்டு வாரத்தில் வந்த முதல் பேச்சு. சிவனம்மாள் கஷாயத்தை வாங்கித் தானே குடித்துவிட்டு, "இனி அந்த ஆட்டோ சத்தத்தையும் கேட்டுத் தொலையணும்" என்றாள்.

ரொனால்டின் பதில் அதற்கும் பின்னால் வந்தது. அதன்பின் அவன் போனுக்கு மாறிவிட்டதால் அதுதான் அவன் எழுதிய கடைசிக் கடிதம். லூசியம்மாவின் வீட்டுக்காரர் இரண்டாவது தடவை நிற்கவே இல்லையாம். ஒரு தடவைதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டாராம்.

செபாஸ்தியம்மாள் நான்சியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். உள்ளே பாக்கியராஜ் யாருக்கோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மேசையில் ஒரு பழம் இருந்தது.

"நிக்கவே இல்லையா?" என்றாள் அவள். "குடுத்து வச்ச மகராசி." அரிவாள்மனையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கடிதம் வந்து சேர்ந்தது 2001 நவம்பர் 12, திங்கட்கிழமை.